இறந்த பிறகு திருந்தும் நாயகன்: அந்த மாற்றத்தை வாசகர் நம்பும்படி எழுதுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: "என் நாவலின் நாயகன் முதல் அத்தியாயத்திலேயே இறந்துவிடுகிறான். இருந்தவரை சுயநலக்காரன், பிறர் வாழ்க்கையைக் கெடுத்தவன். இறந்த பிறகு தவறை உணர்ந்து திருந்துகிறான். பாதி எழுதிவிட்டேன். படித்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: அவன் வருந்துவது தெரிகிறது, மாறியது தெரியவில்லை. எங்கே சறுக்குகிறது?"

ஒருவன் திருந்திவிட்டான் என்பதற்கு ஊர் ஏற்கும் சாட்சி அவன் செய்கைதான். சாவு முதலில் பிடுங்கிக்கொள்வதும் அதையேதான். வாங்கியதைத் திருப்பித் தர முடியாது. நேரில் போய் மன்னிப்புக் கேட்க முடியாது. இன்னொரு முறை இதே நிலை வந்தால் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம் என்பதற்கும் வழியில்லை. மிஞ்சுவது வருத்தம் மட்டும். அதனால் எழுதுகிறவரும் அந்த வருத்தத்தையே அத்தியாயம் அத்தியாயமாக நீட்டிக்கொண்டு போகிறார். வாசகர் முதல் தடவை உருகுவார், இரண்டாம் தடவை பொறுத்துக்கொள்வார், மூன்றாம் தடவை பக்கத்தைத் தள்ளிவிடுவார்.

எனவே மறு உலகம் எப்படி இருக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள். இறந்தவனால் இன்னமும் என்ன செய்ய முடியும்? அதைச் செய்தால் அவனிடமிருந்து எது போகும்? இரண்டாவதுதான் கடினம். உயிரே போய்விட்டவனிடம் இழக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். நிறைய இருக்கிறது. இந்த வகை நாவலின் உயிர் முழுவதும் அங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்தின் காசாளர். பல வருடங்களுக்கு முன் பெட்டியிலிருந்து பணம் எடுத்தார். பழியைத் தன்கீழ் இருந்த இளம் எழுத்தர் மேல் போட்டார். எழுத்தருக்கு வேலை போயிற்று, திருடன் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. காசாளர் நேர்மையானவர் என்ற பெயரோடு ஓய்வுபெற்று ஒருநாள் மாரடைப்பில் இறக்கிறார். மகளுக்கு அப்பா என்றால் தெய்வம். உண்மையான கணக்கு எழுதிய பேரேடு ஒன்று வீட்டுப் பரணில் இருக்கிறது. இறந்தவருக்கு இருக்கும் ஒரே சக்தி, தூங்குகிறவர் கனவில் ஒரு பொருளைக் காட்டுவது.

இப்போது அவர் முன்னால் உள்ள வழியைப் பாருங்கள். மகளின் கனவில் அந்தப் பேரேட்டைக் காட்டினால் எழுத்தரின் பெயர் துலங்கும். ஆனால் உலகில் அவரை இன்னும் அன்போடு நினைக்கும் ஒரே ஆள் அவர் யார் என்று தெரிந்துகொள்வாள். இறந்தவனுக்கு உடம்பு இல்லை, பணம் இல்லை. பிறர் மனதில் இருக்கும் பெயர் ஒன்றுதான் சொத்து. அதைத் தன் கையால் எரிக்கத் துணிகிறானா என்பதே திருந்தினானா என்பதற்கான அளவுகோல். இதில் கண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம், வாசகர் நம்பிவிடுவார்.

நல்ல பெயரைத் தவிர இழக்கத் தக்கவை வேறு மூன்று உண்டு. ஒன்று, அவனுடைய நினைவுகள்: ஒவ்வொரு முறை உயிரோடிருப்பவரைத் தொடும்போதும் அவன் வாழ்க்கையின் ஒரு நாள் அவனுக்கே மறந்துபோகலாம். இதைப் பயன்படுத்தினால் எந்த நாள் போனது என்பதைக் காட்ட வேண்டும், அதுவும் நல்ல நாளாக இருக்க வேண்டும். சும்மா "ஏதோ ஒன்று மங்கியது" என்று எழுதினால் விலை கொடுத்ததாக ஆகாது. இரண்டு, காலம்: இங்கே தங்க அவனுக்குக் கிடைத்திருப்பது சில நாட்கள், ஒவ்வொரு செயலும் அதில் ஒரு பங்கைத் தின்னும். மூன்று, கடந்துபோகும் வாய்ப்பே: பிறருக்காக நின்றால் அவனுக்கான கதவு சாத்திக்கொள்ளும். இந்த நான்கில் ஒன்றை முதன்மையாகவும் இன்னொன்றைத் துணையாகவும் எடுங்கள். நான்கையும் போட்டால் எதன் எடையும் தெரியாது.

அடுத்து, அவன் செய்த தீங்கு. "கெட்டவன்" என்ற பொத்தாம்பொதுவான நிலையிலிருந்து யாரையும் மீட்க முடியாது. ஒரே ஒரு செயல் வேண்டும்: எந்த நாள், எந்த அறை, யார் இருந்தார்கள், என்ன சொன்னான் என்று சொல்லக்கூடிய செயல். அதன் விளைவை இன்று வரை சுமந்துகொண்டிருக்கும் ஆள் உயிரோடு இருக்க வேண்டும். அந்தச் செயலைப் பற்றி அவன் தனக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானமும் வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மனிதன் முதலில் விட வேண்டியது தீய குணத்தை என்பதைவிட அந்தச் சமாதானத்தை. காசாளரின் சமாதானம், "அவன் சின்னப் பையன், வேறு வேலை கிடைத்துவிடும், எனக்குக் குடும்பம் இருந்தது" என்பதாக இருக்கலாம். நாவல் முழுவதும் அந்த ஒரு வாக்கியம் கொஞ்சம் கொஞ்சமாக உடைய வேண்டும்.

எப்படி உடைக்கிறோம் என்பதற்கு மொழியே பெரிய கருவி. ஒரே செயலை நாயகன் மூன்று இடங்களில் நினைக்கட்டும்.

இரண்டாம் அத்தியாயம்: "அந்த வருடம் பெட்டியில் பணம் குறைந்துபோனது. பையன் மாட்டிக்கொண்டான்."

பத்தாம் அத்தியாயம்: "பணத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது. யாராவது ஒருவர் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நிலை."

இருபதாம் அத்தியாயம்: "நான் எடுத்தேன். கேட்டபோது அவர் பெயரைச் சொன்னேன்."

முதலாவதில் பணம் தானாகவே குறைகிறது, பையன் தானாகவே மாட்டுகிறான். செய்தவன் எங்குமே இல்லை. இரண்டாவதில் செயல் வந்துவிட்டது, ஆனால் சூழ்நிலையின் தலையில். மூன்றாவதில்தான் "நான்" என்ற எழுவாய் வருகிறது, "பையன்" "அவர்" ஆகிறார். இதைப் பற்றி ஆசிரியர் ஒரு வரிகூட விளக்க வேண்டாம். விளக்கினால் கெடும். மூன்றுக்கும் நடுவே குறைந்தது ஆறேழு அத்தியாய இடைவெளி இருந்தால் போதும், வாசகர் காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இதோடு ஒட்டிய சிக்கல், கதையை யார் சொல்வது என்பது. இறந்தவனே "நான்" என்று சொல்லும்போது ஒரு பொறி காத்திருக்கிறது: திருந்தி முடித்தவன் பின்னோக்கிச் சொன்னால் முதல் பக்கத்திலேயே குரல் பக்குவமாக இருக்கும், மாற்றத்துக்கு இடமே இருக்காது. தப்பிக்க இரண்டு வழி. நிகழ்காலத்தில், நடக்க நடக்கச் சொல்லவைக்கலாம். அல்லது படர்க்கையில், அவன் மனதை ஒட்டி நின்றபடி, அவனுக்குத் தெரியாததைத் தானும் சொல்லாத குரலில் எழுதலாம். முதல் நாவல் என்றால் இரண்டாவதுதான் பாதுகாப்பானது. முன்னிலையிலும் எழுதலாம்: ஷெஹான் கருணாதிலக 2022இல் புக்கர் பரிசு பெற்ற 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா' நாவலில் இறந்துபோன புகைப்படக்காரனை "நீ" என்றே அழைக்கிறார். அவனுக்குக் கிடைத்திருப்பது ஏழு நிலவுகள், அதாவது ஏழு இரவுகள். அதற்குள் தான் ஒளித்துவைத்த படங்களிடம் உயிரோடிருப்பவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கெடுவும் செய்யவேண்டிய வேலையும் இப்படித் தெளிவாக இருப்பதால்தான் அத்தனை கிளைக்கதைகளையும் அந்நாவல் தாங்குகிறது.

கெடு எவ்வளவு என்பதற்குப் பழைய மரபுகளைப் பார்ப்பது நல்லது. அவை காலத்தை வெறும் எண்ணாக வைப்பதில்லை. திபெத்திய பௌத்தத்தில் இறப்புக்கும் மறுபிறப்புக்கும் நடுவே 49 நாட்கள் வரை, ஏழேழு நாட்களாக எண்ணப்படுகின்றன. இத்தாலியக் கவிஞர் தாந்தே, இறந்தவர்கள் பாவம் தீர்க்கும் மலையில் தானே பயணியாக நடப்பதாக எழுதிய 'புர்கதோரியோ'வில் தண்டனைக் காலம் செய்த தவற்றின் அளவிலேயே வருகிறது: திருச்சபையை மீறி இறந்தவர்கள், மீறியிருந்த காலத்தைப் போல முப்பது மடங்கு அந்த மலையின் வாசலுக்கு வெளியே காத்திருக்க வேண்டும். ஆனால் உயிரோடிருப்பவர்களின் வேண்டுதல் அதைக் குறைக்கும். அதனால்தான் மன்ஃபிரெட் என்ற அரசன் அந்த வழியாக வரும் தாந்தேயிடம், தன் மகளிடம் போய் உண்மையைச் சொல்லும்படி கேட்கிறான். இறந்தவன் தன் விடுதலைக்கு உயிரோடிருப்பவரை நம்பி நிற்கிறான். கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைக்காது. உங்கள் கெடுவும் இப்படிக் கதையிலிருந்தே பிறக்கட்டும். காசாளர் கதையில், வீட்டை விற்கப்போகிறார்கள், பரணைக் காலி செய்யும் நாள் குறித்தாகிவிட்டது என்பதே போதும். மேலுலகத்திலிருந்து யாரும் கடிகாரம் கொண்டுவர வேண்டியதில்லை.

மறு உலகத்தின் விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி முடியுங்கள். ஐந்து விதிக்கு மேல் வேண்டாம். யார் அவனைப் பார்க்க முடியும், எதைத் தொட முடியும், எங்கெங்கே போக முடியும், மற்ற இறந்தவர்கள் இருக்கிறார்களா, எவ்வளவு காலம். சுவரைக் கடப்பவன் தரையில் எப்படி நிற்கிறான் என்று யாராவது கேட்பார்கள். அதற்கு விடை தேடி இரண்டு பக்கம் செலவழிக்காதீர்கள். விதியை வாசகருக்குச் சொல்லும் முறை ஒன்றே: அவன் முயல்கிறான், தோற்கிறான். வழிகாட்டி ஒருவர் வந்து உட்காரவைத்துப் பாடம் எடுத்தால் நாவல் அங்கேயே நின்றுவிடும். பாதிக்குப் பிறகு புதிய சக்தி எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவன் செய்யும் தியாகம் ஆசிரியரின் தயவு போலத் தெரியும்.

முக்கியமான விதி இடம் பற்றியது. எங்கும் போகலாம், எதையும் கேட்கலாம் என்று விட்டுவிட்டால் நாயகன் ஒட்டுக்கேட்கும் கேமராவாகிவிடுவான். காட்சி தோறும் மூலையில் நின்று பார்ப்பான், வருந்துவான், அடுத்த வீட்டுக்குப் போவான். எழுதி முடித்த பகுதியில் அவன் வெறுமனே பார்க்கும் காட்சிகளை எண்ணிப்பாருங்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால் உங்கள் நாவல் நகராததற்குக் காரணம் அதுதான். அவனை ஒரு வீட்டோடு, ஒரு பொருளோடு, அல்லது ஓர் ஆளோடு கட்டிப்போடுங்கள். தன்னை யார் வெறுக்கிறார்களோ அவர் அருகிலேயே இருந்தாக வேண்டும் என்றால் இன்னும் நல்லது.

வழிகாட்டிப் பாத்திரம் இல்லாமலும் எழுதலாம். வைத்தால் அவருக்கும் தீராத கணக்கு ஒன்று இருக்கட்டும், அவருக்கும் எல்லாம் தெரிய வேண்டாம். ஜார்ஜ் சாண்டர்ஸின் 'லிங்கன் இன் தி பார்டோ'வில் (2017) கல்லறைத் தோட்டத்து ஆவிகள் தாங்கள் இறந்ததையே ஒப்புக்கொள்வதில்லை. சவப்பெட்டியை நோய்ப்பெட்டி என்றுதான் சொல்கின்றன. அறியாமையில் இருப்பவர்களே அங்கே புதிதாய் வந்த சிறுவனுக்குத் துணை. அந்தப் பிசகிலிருந்துதான் கதைக்கு இவ்வளவு வேகம்.

இறுதிச் சடங்குக் காட்சி பற்றி ஒரு சொல். தன் உடலைத் தானே பார்த்து அழும் காட்சி எல்லோருக்கும் எழுத வரும், அதனாலேயே அது தேய்ந்துபோனது. 600 சொற்களுக்குள் முடியுங்கள். அந்த நேரத்தில் அவன் இன்னும் பழைய ஆள்தான். அழுவதைவிட, யார் வந்தார்கள், யார் வரவில்லை, என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பதே அவன் குணத்துக்குப் பொருந்தும். காசாளர் மாலைகளை எண்ணுவார்.

இனி, தீங்குக்கு ஆளானவர். பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளில் இவர் மன்னிப்பு வழங்கும் இயந்திரமாக இருக்கிறார். கடைசி அத்தியாயம் வரை காத்திருந்து, கண் கலங்கி, மன்னித்துவிட்டுப் போகிறார். அந்த எழுத்தருக்கு இப்போது வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். அவருக்கென்று தொழில், கோபங்கள், பிடித்த வேலைகள் இருக்கும். காசாளரை நினைக்காமலே மாதங்கள் போகும். உண்மை வெளிவருவதை அவர் விரும்பாமலும் இருக்கலாம். பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லாமலே வளர்த்திருக்கலாம். பேரேட்டோடு மகள் வாசலில் வந்து நிற்கும்போது அவர், "இப்போது எதற்கு?" என்று கேட்டுக் கதவை மூடினால் காட்சி எவ்வளவு கனமாகிறது பாருங்கள். நாயகன் செய்ய வேண்டியது அதன் பிறகும் சரியானதாகவே இருக்கிறதா என்பதுதான் நாவலின் கடைசிக் கால்பகுதி.

மன்னிப்பை யார், எப்போது சொல்லலாம் என்பதற்குச் சிலப்பதிகாரம் நல்ல பாடம். பாண்டியன் தவற்றை உணர்ந்த கணமே அரியணையில் உயிர்விடுகிறான். அதை அந்த நேரத்தில் யாரும் மன்னிப்பாக மாற்றவில்லை. கண்ணகி மதுரையை எரிக்கவே செய்கிறாள். பின்னால் வஞ்சிக் காண்டத்தில், தெய்வமாகிவிட்ட கண்ணகியின் வாயிலிருந்துதான் தென்னவன் குற்றமற்றவன், நான் அவன் மகள் என்ற சொல் வருகிறது. தீங்குக்கு ஆளானவளே சொல்கிறாள். அவளும் மாறிய பிறகு சொல்கிறாள். யாரும் கேட்காமலே சொல்கிறாள். இந்த மூன்றும் கூடாத இடத்தில் மன்னிப்பை எழுதாதீர்கள். மன்னிப்பே இல்லாமல் முடிந்தாலும் நாவல் முழுமையாக இருக்க முடியும்.

தெரிந்தே செய்த குற்றம்தான் வேண்டும் என்றும் இல்லை. மணிமேகலையில் ஆபுத்திரன் நல்லவன். ஆளில்லாத் தீவில் தனியே விடப்பட்டு, அமுதசுரபியால் தன் வயிற்றை மட்டும் நிரப்ப மனமில்லாமல் உண்ணாதிருந்து உயிர்விடுகிறான். மறுபிறப்பில் புண்ணியராசன் என்ற அரசனாகி அதே தீவான மணிபல்லவத்துக்கு வரும்போது, அவனைத் தேடித் திரும்பி வந்தவர்கள் அவனுக்காகவே அங்கே இறந்ததைத் தீவின் காவல் தெய்வமான தீவதிலகை அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். கொலைகாரன் அல்லவா நீ, அரசனாகிவிட்டாயே என்கிறாள். தன் பழைய உடம்பின் எலும்புகளை அவன் கண்ணால் பார்க்கிறான். இருந்தபோது தெரியாத விளைவு இறந்த பிறகே தெரியவருகிறது. உங்கள் நாயகனுக்கும் இப்படி ஒன்று வையுங்கள்: அவன் மறைத்த குற்றத்துக்கு அப்பால், அவன் அறியவே அறியாத ஒரு விளைவு. காசாளரின் கதையில், வேலை போன எழுத்தரின் தங்கை அதனால் படிப்பை விட்டதாக இருக்கலாம். அது நாவலின் நடுப்பகுதியில் வந்தால் அவன் சமாதானம் அங்கே கீறல் விடும்.

அளவுகள். நாவல் 60,000 சொற்கள் என்று கொண்டால், சாவு 3,000 சொற்களுக்குள் நடந்துவிட வேண்டும். ஆனால் அதற்கு முன் அவன் உயிரோடு ஒரு முழு நாளாவது வாழ்ந்தாக வேண்டும். எதிலிருந்து மாறினான் என்று தெரியாமல் மாற்றம் தெரியாது. "நான் இறக்கவில்லை" என்ற மறுப்பு 6,000 சொற்களைத் தாண்டக் கூடாது. 35,000 முதல் 40,000 வரையிலான இடத்தில் ஒரு சறுக்கல் கட்டாயம்: கையில் இருக்கும் சக்தியை அவன் பழைய குணத்துக்கே பயன்படுத்துகிறான். காசாளர் மகளின் கனவில் பேரேட்டுக்குப் பதிலாகத் தன் விருதுக் கேடயத்தைக் காட்டுகிறார். இந்தச் சறுக்கல் இல்லாத நாவல்களில் மாற்றம் நேர்கோடாக ஏறும், அதனால் பொய்யாகத் தெரியும். விலை கொடுக்கும் செயல் 50,000 சொற்களுக்கு அருகில். மிச்சம் விளைவுகளுக்கு, அதைச் சுருக்கிவிடாதீர்கள்.

இறந்த பிறகு காதல் வருவதானால் வரட்டும். ஆனால் திருந்தியதற்குக் கிடைக்கும் பரிசாக அந்த ஆளை நிறுத்தக் கூடாது. காதலிக்கப்படுவதால் மட்டுமே நல்லவனானான் என்றால் அது மாற்றம் ஆகாது.

முடிவில் நாயகனுக்கு உயிர் திரும்பக் கிடைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. கொடுத்த விலை முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது, வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். அப்படித்தான் முடிக்க வேண்டுமென்றால் அவன் இழந்தது இழந்ததாகவே இருக்கட்டும்: மகளுக்கு உண்மை தெரியும், அவள் முகத்தைப் பார்த்துத்தான் இனி வாழ வேண்டும். மறுபிறப்பு என்றால் வேறொரு கேள்வி எழும்: நினைவில்லாமல் பிறப்பவன் திருந்தியவன்தானா? மணிமேகலை அதனால்தான் ஆளை அதே தீவுக்குத் திரும்பக் கொண்டுவந்து முற்பிறப்பைத் தெரியவைக்கிறது. நீங்களும் பழையதையும் புதியதையும் இணைக்கும் ஓர் இடமோ பொருளோ வைத்தாக வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாயகனின் சாவு தற்கொலையாக இருந்தால், அவனுக்குக் கிடைக்கும் தெளிவு சாவின் பரிசு போலத் தோன்றிவிடும். மனம் உடைந்த நிலையில் இருக்கும் வாசகர் கையிலும் இந்தப் புத்தகம் போகும். முறையை விவரிக்காதீர்கள், சாவு கதவைத் திறந்தது என்ற தொனி வராமல், உயிரோடு இருந்திருந்தால் இதே வேலையை எவ்வளவு எளிதாக, நேரில், ஒரே மாலையில் முடித்திருக்கலாம் என்பது காட்சியிலேயே தெரியட்டும். வேறு வகைச் சாவாக இருந்தாலும் இது நல்ல அளவுகோல்தான்.

கையில் இருக்கும் பாதியைத் திருத்த ஆரம்பிக்கும்போது முதலில் "வருந்தினான்", "உணர்ந்தான்", "புரிந்தது" என்ற வினைகளையெல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த உணர்வால் அவன் என்ன செய்தான் என்று எழுதுங்கள். எழுத எதுவும் இல்லாத இடங்களில் அந்த வரியை வெட்டுங்கள். பிறகு, நாயகன் சாகாமல் மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பதாக மாற்றினால் கதை அப்படியே நடக்குமா என்று பாருங்கள். நடக்கும் என்றால் சாவு இன்னும் கதைக்குள் வரவில்லை. முதலில் எழுதி வைத்த இரண்டு பதில்களுக்குத் திரும்பிப் போய், அவன் எதை இழக்கிறான் என்ற வரியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.